பாடம் முடிந்த பிறகு வந்த புதன்கிழமை

குழுவாகப் பிரிந்து உட்காரச் சொன்னபோது ஜெனவீவை யாரும் கூப்பிடவில்லை.

வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்து, ஏற்கெனவே பழகியவர்களோடு வட்டம் கட்டிக்கொண்டார்கள். ஜெனவீவ் கைப்பையை மடியில் வைத்தபடி தன் இடத்திலேயே இருந்தாள். கொஞ்ச நேரம் பைக்குள் எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டாள்.

விரிவுரையாளர் ரமணிதான் கவனித்தார். ஜெனவீவைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் மற்றவர்களைப்போல ஜெனவீவும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டாள்.

“ஷான், மெலிசா, நீங்க ரெண்டு பேருதானே இருக்கீங்க? ஆண்ட்டியச் சேத்துக்குங்க.”

ஷான் சிரித்தபடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். மெலிசா நகர்ந்து இடம் கொடுத்தாள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஜெனவீவ் வந்து உட்கார்ந்ததும் அவர்களுடைய பேச்சில் மரியாதை கூடியது, சிரிப்பு குறைந்தது. அது யாருடைய தப்பும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு அப்போது ஐம்பது வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தவள். கொரோனா காலத்தில் இரவு பகலாக ஓடிய இயந்திரங்கள் அதற்கப்புறம் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் அவளுடைய வரிசையும் நின்றது. அதற்கு முந்தைய வருடம்தான் கணவர் ரோனால்ட் மாரடைப்பில் போயிருந்தார். ஒரே மகள் ஜெசிகா ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் சிங்கப்பூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் பார்த்து அம்மாவுக்குப் போன் செய்வாள். “சாப்டீங்களாம்மா?” என்று தொடங்கி “சரிம்மா, வைக்கிறேன்” என்று முடியும் வரை பேச்சில் தடுக்கி விழ ஒரு கல்லும் இருக்காது.

வேலை நின்ற பிறகும் ஜெனவீவ் விடியற்காலையில் எழுந்துகொண்டிருந்தாள். எழுந்து, குளித்து, உடுத்தி, போக இடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். கடைவீட்டு மாடியில் நடந்த அந்தத் தனியார் கல்லூரியில் முதியோர், நோயாளிப் பராமரிப்புக்கு ஒரு வருடச் சான்றிதழ் படிப்பு இருப்பதாகத் தேவாலயத்தில் யாரோ சொன்னபோது, என்ன படிப்பு என்பதைக்கூட அவள் சரியாகக் கேட்கவில்லை. காலை எட்டரைக்கு வகுப்பு என்பது போதுமாக இருந்தது.

அந்தப் படிப்பில் ஒரு பாடம் சேவைவழிக் கற்றல். ரமணி முதல் நாளே சொல்லிவிட்டார்.

“தொடப்பத்த எடுத்துக்கிட்டுப் போய்க் கூட்டிட்டு, போட்டோ புடிச்சுப் போடறது இல்ல இது. அதுக்குப் பேரு கோத்தோங் ரோயோங், ஊர் கூடிச் சுத்தம் பண்றது. நீங்க போங்க, முதல்ல கேளுங்க. அவங்களுக்கு என்ன வேணுமோ அதச் செய்ங்க. செஞ்சிட்டு, அதுல நாம என்ன கத்துக்கிட்டோம்னு வந்து உக்காந்து யோசிங்க. கடைசியா சொன்னதுதான் கஷ்டம்.”

மூவருக்கும் கொடுக்கப்பட்ட இடம் சுங்கை லாலாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கொடுக்கப்பட்ட ஆள் பக்கிரிசாமி. ஐம்பத்தெட்டு வயது. தோட்டத்தில் பழ லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோயால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவி அதற்கும் முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை.

முதல் புதன்கிழமை ரோனால்டின் பழைய காரில் மூவரும் போனார்கள். பின்னிருக்கையில் ஷானும் மெலிசாவும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை தொடங்கியது. லயத்தில் பெரும்பாலான வீடுகளில் வங்காளதேசத்துத் தொழிலாளர்களும் இந்தோனேசியர்களும் இருந்தார்கள். தமிழ்க் குடும்பம் இரண்டுதான் மிச்சம். ஒன்று செல்லாயி என்ற அறுபது வயது அம்மாவின் வீடு. அதை ஒட்டிய கடைசி வீடு பக்கிரிசாமியுடையது.

அவர் வாசல் படிக்கு உள்ளே சக்கர நாற்காலியில் இருந்தார். தலைமுடி தோளைத் தொட்டது. தாடி நெஞ்சு வரை. ஆனால் சட்டை துவைத்துத் தேய்த்தது.

“வாங்க டீச்சர்” என்றார் ஜெனவீவைப் பார்த்து. “பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்தீங்களா?”

“நான் டீச்சர் இல்லண்ணே. நானும் இவங்களோட படிக்கிறவதான்.”

“இந்த வயசுலயா?” என்றார். கேட்டுவிட்டு அவரே சங்கடப்பட்டார். “நல்லதுதான் தங்கச்சி. உக்காருங்க.”

மெலிசா தயாரித்து வந்திருந்த கேள்விகளைக் கேட்டாள். மருந்து சரியாகக் கிடைக்கிறதா, சாப்பாடு எப்படி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் அவர் “அதெல்லாம் ஓடுது லா” என்றார். மத்தியானச் சோற்றைச் செல்லாயி கொண்டுவந்து வைத்துவிடுகிறார். ஆஸ்பத்திரி வண்டி வரும் நாளில் லயத்து ஆண்கள் இரண்டு பேர் தூக்கி ஏற்றிவிடுகிறார்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

புறப்படும் நேரத்தில் ஜெனவீவ் கேட்டாள். “அண்ணே, ஒன்னுமே வேணாமா?”

அவர் வெளியே பார்த்தபடி இருந்தார். பிறகு, “முடி வெட்டணும்” என்றார்.

“அங்கிள், நான் வெட்டி விடுறேன், என்கிட்ட மெஷின் இருக்கு” என்றான் ஷான் உற்சாகமாக.

“மெஷின் செல்லாயி மவன்கிட்டயும் இருக்கு தம்பி. கடையில வெட்டணும். திகாம் பத்து டவுன்ல, மணியம் கடையில.”

மற்ற நாளில் படியில் இறக்கிவிட ஆளில்லாமல் இரண்டு வருடமாக அவர் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகவில்லை. வியாழக்கிழமை சாயங்காலமானால் மணியம் கடை பெஞ்சில் லோரிக்காரர்களும் ரப்பர் வாங்கி விற்கிறவர்களும் உட்கார்ந்து இருட்டும் வரை பேசிக்கொண்டிருப்பார்களாம். முடி வெட்டுகிறவன் ஒருத்தன், வேடிக்கை பார்க்கிறவன் பத்துப் பேர் என்றார். அதைச் சொன்னபோதுதான் அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு அசைவு வந்தது.

திரும்பும் வழியில் ஷான் திட்டம் போட்டுவிட்டான். வாசல் படி மூன்றையும் மூடி ஒரு சாய்தளம் கட்டினால் யார் தயவும் இல்லாமல் அவர் இறங்கலாம். அவனுடைய மாமா பலகை தருவார். மெலிசா எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, வகுப்பில் எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டிய கடைசிப் படைப்புக்குத் தொகுப்பாள். ஜெனவீவ் வண்டி ஓட்டுவாள். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

இரண்டு புதன்கிழமைகளில் ஷான் பலகையை அறுத்து, ஆணியடித்து, சாய்தளத்தை நிறுத்திவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மெலிசா போனைத் தூக்கிப் பிடித்தாள். செல்லாயியும் வந்து வாசலில் நின்றார். ஷான் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, பக்கிரிசாமி சக்கரத்தை விட்டார்.

சாய்வு மிகவும் செங்குத்து. நாற்காலி எடுத்த எடுப்பிலேயே வேகம் பிடித்தது. ஷானின் செருப்பு பலகையில் வழுக்கியது. நாற்காலி அவன் கையை விட்டு ஓடிப் புல்தரையில் முட்டி, பக்கிரிசாமியை முன்னால் தூக்கிப் போட்டது.

மெலிசா அழத் தொடங்கினாள். ஷான் நின்ற இடத்திலேயே நின்றான். ஜெனவீவ்தான் ஓடினாள். செல்லாயியும் அவளுமாக அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. வெட்டிய காலின் முனை தரையில் இடித்துச் சிவந்திருந்தது. இனிப்பு நீர்க்காரருக்குச் சின்னக் காயமும் சின்னதில்லை என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஜெனவீவ் காயத்தைக் கழுவி, துடைத்து, கட்டுப்போட்டாள்.

“ஏன் தங்கச்சி, மார்க்கக் கொறச்சிருவாங்களா?” என்று கேட்டார் பக்கிரிசாமி. வலியோடு சிரித்தார்.

ரமணி மறுநாளே வந்து அவரிடமும் செல்லாயியிடமும் மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகளைத் திட்டவில்லை. “ஆணி அடிக்கறதுக்கு முன்னால அவர ஒரு தடவ அந்தப் பலகையில உக்கார வச்சுப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். ஷான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அப்புறம் அவனே ஒரு தச்சரைக் கூட்டிவந்து, சுவரை ஒட்டி வளைந்து இறங்கும் நீளமான சாய்தளமாக அதை மாற்றினான். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளமும் வைத்தார்கள்.

அந்தக் காயம் ஆறும் வரை ஜெனவீவ் புதன்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் நேராகக் காரை எடுத்துக்கொண்டு போய்க் கட்டை மாற்றிவிட்டு வருவாள். போகிற வழியில் பீடோங்கில் ஏதாவது வாங்குவாள். ஒருநாள் சர்க்கரை இல்லாத பிஸ்கட், இன்னொரு நாள் ஒரு சீப்பு வாழைப்பழம். கட்டு மாற்றக் கொஞ்ச நேரம்தான் ஆகும். ஆனால் அவர் பால் சேர்க்காத ஒரு தே ஓ குடித்துவிட்டுப் போகச் சொல்வார். அவளும் குடிப்பாள். பெரும்பாலும் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள், அல்லது லோரியைப் பற்றி. வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது, இன்று யாரிடமோ பேசினோம் என்ற எண்ணம் அவளுக்கு இருக்கும். தொலைக்காட்சியைப் போடாமலேயே சமைப்பாள்.

காயம் ஆறிய பிறகு ஒரு வியாழக்கிழமை திகாம் பத்துக்குப் போனார்கள். ஷானும் மெலிசாவும் வந்து அவரைச் சாய்தளத்தில் இறக்கி, காரில் ஏற்றிவிட்டு, நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தார்கள். பக்கிரிசாமி முன்னிருக்கையில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தார். ஒவ்வொரு முச்சந்தியிலும், “இங்க ஒரு மரம் இருந்துச்சு”, “இந்தக் கடைய எப்பக் கட்டுனானுங்க?” என்று கேட்டார். மெலிசா அதையும் படம்பிடித்தாள்.

கடையின் பெயர்ப்பலகை மாறவில்லை. ஆனால் கண்ணாடிக் கதவு போட்டு, குளிர்சாதனம் வைத்திருந்தார்கள். பெஞ்ச் இல்லை. உள்ளே சுழல்நாற்காலி இரண்டு. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் காதில் இயர்போனோடு நின்றிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்.

“மணியம் இல்லயா?” என்று கேட்டார் பக்கிரிசாமி.

“அவரு கிள்ளானுக்கு மகன் வீட்டோட போயிட்டாருங்க. நான் அவரப் பாத்ததுகூட இல்ல. நான் வந்தே ஆறு மாசம்தான் ஆகுது.”

“போன் நம்பரு?”

“இல்லீங்களே ஐயா.”

திரும்பிப் போகலாமா என்று ஜெனவீவ் கேட்க நினைத்தாள். அதற்குள் அவரே, “சரி, வெட்டுங்க” என்றார். அந்த ஆள் வேலையைச் சுத்தமாகச் செய்தார். மரியாதையாகத் தலையைச் சாய்த்து, நிமிர்த்தி, துணியை உதறி. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமும் இல்லை. மயிர் கொத்துக் கொத்தாக விழுந்தது. கண்ணாடியில் தெரிந்த முகம் மெலிந்து, காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன.

வெளியே வந்ததும் ஷானும் மெலிசாவும் எதிர்க்கடையில் குளிர்பானம் வாங்கப் போனார்கள். ஜெனவீவ் அவரைப் பக்கத்துக் கோப்பிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சீனி போடாத கோப்பி இரண்டு. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து இவரை உற்றுப் பார்த்தார்.

“டேய் பக்கிரி, இருக்கியா?” என்றார்.

“இருக்கேன் இருக்கேன்.”

“சரி சரி.” கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

பக்கிரிசாமி கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பழைய ஆளு. ஒரே லோரியில ஓடுனோம்” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப மொத வாரம் வீட்ல நிக்க எடமில்ல தங்கச்சி. அடுத்த வாரம் ரெண்டு பேரு. அப்புறம் செல்லாயி” என்றார்.

“எங்க வீட்லயும் முப்பதாம் நாள் பூசை வரைக்கும் ஆளுங்க வந்துக்கிட்டுதான் இருந்தாங்க” என்றாள் ஜெனவீவ்.

ரோனால்டைப் பற்றி அவள் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. அவர் கடைசி நாளில் குளியலறைக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தது, அவள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டது, சாயங்காலம் வந்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லும்போது அவள் அழவில்லை. அவர் ஆறுதல் சொல்லவில்லை. பிள்ளைகள் சாலையைக் கடந்து வருவதைப் பார்த்ததும் இருவரும் கோப்பியைக் குடித்து முடித்தார்கள்.

பருவக் கடைசியில் வகுப்பில் படைப்பு நடந்தது. மெலிசாவின் வீடியோவுக்கு நிறையக் கைதட்டல். நீண்ட முடியோடு பக்கிரிசாமி, சாய்தளம், விழுந்தது, மறுபடி கட்டியது, முடி வெட்டிய முகம். விழுந்ததை மறைக்காமல் காட்டியதை ரமணி பாராட்டினார். ஷான் எழுந்து, கேட்காமலே செய்துவிடுகிற அவசரம் தனக்கு இருப்பதைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னான். உண்மையாகத்தான் சொன்னான்.

ஜெனவீவின் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

“அவரு முடி வெட்டப் போகணும்னு கேட்டாரு. கூட்டிட்டுப் போனோம். ஆனா அவரு பாக்கப் போன ஆளு அங்க இல்ல. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்னு எனக்குத் தெரியல மிஸ்.” அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். சிலர் கைதட்டுவதா வேண்டாமா என்று யோசித்தார்கள்.

அதோடு பாடம் முடிந்தது. எல்லோரும் சேர்ந்து ஒருமுறை லயத்துக்குப் போய் விடைபெற்றுக்கொண்டார்கள். பழக்கூடை ஒன்று கொடுத்தார்கள், செல்லாயிக்கும் ஒரு சேலை. பக்கிரிசாமி எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். இனி எப்போது வருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை ஜெனவீவுக்கு வகுப்பு மத்தியானமே முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் சந்திப்பு வந்தது. அவள் திரும்பாமல் நேராக ஓட்டினாள்.

அவர் வியந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. தே ஓ வந்தது. அடுத்த வாரமும் போனாள், மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு. அதற்கு அடுத்த வாரம் செல்லாயி வாசலில் காத்திருந்தார். கையில் கரண்டி இருந்தது, அடுப்பிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும்.

“ஒன்னு கேக்கலாமா தங்கச்சி?”

“கேளுங்கக்கா.”

“பிள்ளைங்களோட வந்தீங்க, காலேஜ் வேலைன்னு சொன்னீங்க, சரி. இப்ப தனியா எதுக்கு வர்றீங்க?” செல்லாயியின் கண் ஜெனவீவின் கழுத்தில் கிடந்த சிலுவையில் நின்றது. “முன்ன ஒரு கூட்டம் இப்படித்தான் வந்துச்சு. அரிசி குடுத்துச்சு, பருப்பு குடுத்துச்சு. பெறகு, ஜெபம் பண்ணலாமான்னு கேட்டுச்சு.”

“நான் அதுக்கு வரலக்கா. சத்தியமா.”

“அப்ப எதுக்கு?”

ஜெனவீவின் கையில் குழம்புச் சட்டி சூடாக இருந்தது.

“அது இல்லன்னா அதவிட மோசமால்ல பேசுவாங்க” என்றார் செல்லாயி. குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. “ஒத்த ஆம்பள இருக்குற வீடு. நான் சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்.” கரண்டியோடு உள்ளே போய்விட்டார்.

பக்கிரிசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று தே ஓ குடிக்கச் சொல்லவில்லை. ஜெனவீவ் குழம்பை மேசையில் வைத்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“செல்லாயி மேல வருத்தப்படாதீங்க” என்றார்.

“இல்லண்ணே.”

“போன தடவ காய்ச்சல்ல நெனவு இல்லாம கெடந்தப்ப அதுதான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டுச்சு. நாளைக்கு நான் விழுந்தாலும் அதுதான் வரணும். அது மூஞ்சியச் சுளிச்சா நான் இங்க இருக்க முடியாது.” தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பாடத்துக்காக வந்தீங்க. பாடம் முடிஞ்சிருச்சு. இனிமே என்னன்னு சொல்லிக்கிட்டு வருவீங்க தங்கச்சி?”

“எனக்கு வீட்ல யாருமில்லண்ணே” என்றாள் ஜெனவீவ். “அதான் வர்றேன். வேற ஒன்னுமில்ல.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு வெறுமையான வார்த்தை என்று அவளுக்கே கேட்டது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“தெரியும்” என்றார். “மொத நாளே தெரியும். நானும் புதன்கெழமன்னா காலையிலேயே சட்டையத் தேய்ச்சு வச்சிருவேன்.” “ஆனா வேணாம். தனியா வராதீங்க.”

அவள் தலையாட்டினாள். சட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டதைப் பாதி வழியில்தான் கவனித்தாள். திரும்பிப் போய் எடுக்கவில்லை. காரைச் செம்பனை நிழலில் ஓரமாக நிறுத்திவிட்டு, கைகள் இரண்டையும் ஸ்டீயரிங்மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவமானமாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ரமணியிடம் சொன்னாள். கல்லூரிக்குத் தெரியாமல் போனதற்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். ரமணி பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

“என் தப்பும் இருக்கு ஆண்ட்டி” என்றார் கடைசியில். “செமஸ்டர் முடிஞ்சா நாங்க மார்க் போட்டு மூடிர்றோம். அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு அது முடியறதில்ல. உங்களுக்கும் முடியலன்னு நான் யோசிக்கவே இல்ல.” பிறகு கேட்டார், “அந்தச் செல்லாயி அம்மாகிட்ட என்ன வேணும்னு யாராவது ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

ஜெனவீவ் யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வாரமும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். வணக்கம் சொன்னார்கள். சேலை கொடுத்தார்கள். கேட்கவில்லை.

“அடுத்த குழுவ அவங்க வீட்டுல இருந்து தொடங்கச் சொல்றேன்” என்றார் ரமணி.

அடுத்த குழுவில் ஜெனவீவ் இல்லை. அவளுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. அலோர் ஸ்டாரில் வயதானவர்களைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ளும் மையம் ஒன்றில் சேர்த்திருந்தார்கள். தினமும் காலையில் கொமுட்டர் ரயிலில் போய் சாயங்காலம் திரும்பினாள். வேலை அதிகம். சோறூட்டுவது, மருந்து கொடுப்பது, நடக்க வைப்பது, ஓயாமல் ஒரே கதையைச் சொல்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டுவது. அங்கே எல்லோரும் அவளை நர்ஸைக் கூப்பிடுவதுபோல மிஸ்ஸி என்று கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள அவர்களால் முடியாது. அவர்கள் பெயர் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஒரு சாயங்காலம் அலோர் ஸ்டார் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது போன் அடித்தது. பக்கிரிசாமி.

“தங்கச்சி, நல்லாருக்கீங்களா?”

“நல்லாருக்கேண்ணே. நீங்க?”

“ஓடுது லா. புதுப் பிள்ளைங்க வந்துருக்காங்க. நாலு பேரு.” பின்னால் சத்தம் கேட்டது. யாரோ விலை பேசினார்கள், குழந்தை ஒன்று கத்தியது. “இப்ப பசார் மாலாம் சந்தையில இருக்கோம். செல்லாயி கேட்டுச்சாம், ரொம்ப நாளா மீன் சந்தைய நேர்ல பாக்கலன்னு. வேன்ல முன்னுக்கு உக்காந்துக்கிட்டு அதுதான் வழி சொல்லிக்கிட்டு வந்துச்சு. பிள்ளைங்கள ஒரு பேச்சு பேச விடல.”

ஜெனவீவ் சிரித்தாள். “மீன் வாங்கினீங்களா?”

“கெம்போங் மீனு வாங்குனோம். ஏதோ விலை. செல்லாயி இன்னும் பேசிக்கிட்டு இருக்கு.” அவரும் சிரித்தார். சந்தைச் சத்தம் மட்டும் போனில் வந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“சரி தங்கச்சி. பிள்ளைங்க கூப்புடறாங்க.”

“சரிண்ணே. பாத்துப் போங்க.”

வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. அவருக்கு நல்லது நடந்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். அதில் பொய்யில்லை. ஆனாலும் போனைப் பைக்குள் வைத்த பிறகு, அந்த நீளமான நடைமேடையில் தனக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் எல்லோரும் யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

ரயில் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் தொழிற்சாலைச் சீருடை போட்ட ஒரு மலாய்ப் பெண் வந்து உட்கார்ந்தாள். கண்கள் சிவந்து, சோர்ந்திருந்தாள். எங்கே இறங்குகிறாய் என்று ஜெனவீவ் மலாயில் கேட்டாள்.

“குரூண், காக்” என்றாள், அக்கா என்று கூப்பிடும் மரியாதையோடு.

“தூங்கு. நான் எழுப்பிவிடுறேன்.”

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு உடனே தூங்கிப்போனாள். கோபா நிலையத்தைத் தாண்டியதும் அவள் தலை சாய்ந்து ஜெனவீவின் தோளில் விழுந்தது. ஜெனவீவ் நகரவில்லை. வெளியே வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள், கடைசி வெளிச்சம் அதில் கிடந்தது. ஜெராய் மலை பக்கத்தில் வந்து பெரிதானது.

குரூண் வந்தபோது அவள் அந்தப் பெண்ணின் கையைத் தொட்டு எழுப்பினாள். பெண் திடுக்கிட்டு எழுந்து, பையை அள்ளிக்கொண்டு இறங்கி ஓடினாள். நடைமேடையில் ஒருமுறை திரும்பிக் கையசைத்தாள். அதற்குள் கதவு மூடிவிட்டது.

சுங்கைப் பட்டாணி வரை பக்கத்து இருக்கையில் வேறு யாரும் உட்காரவில்லை.